ஜெனரல் கன்னிங்ஹாம்: பெயர் இழந்த கற்களுக்குப் பெயர் மீட்டவர்

சாரநாத்துக்கும் சாஞ்சிக்கும் யாத்திரை சென்று மீளும் நம் அன்பர்கள், ஆங்குக் கண்டவற்றை வீட்டாருக்கு எடுத்துரைக்கத் தொடங்கி, நடுவே சொல்லின்றித் தயங்குவதை நாம் பன்முறை கண்டுள்ளோம். பெரிய மேடு என்பர். சுற்றிலும் கல்வேலி என்பர். உச்சியில் ஏதோ சதுரமாக இருந்தது என்பர். உள்ளம் நிறைந்து திரும்பியவர்க்கு நாவு துணை செய்வதில்லை. இஃது அவர் குற்றமன்று. அக்கட்டடங்களின் உறுப்புகளுக்குரிய பெயர்கள் பல நூற்றாண்டுகளாக இந்நாட்டு மக்களின் வழக்கினின்று நீங்கிக் கிடந்தன. பெயர் மறைந்தபின் உரிமையும் மறைந்தது. உரியவர் எவரென்று அறியப்படாத கல்லை எவரும் தூக்கிச் செல்லலாம் என்னும் நிலை வந்தது. அந்நிலையை மாற்றப் பெரிதும் உழைத்தவர்களுள் ஒருவர் ஜெனரல் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம். அவருடைய வாழ்க்கையை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

கன்னிங்ஹாம் 1814-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆலன் கன்னிங்ஹாம் ஸ்காட்லாந்து நாட்டுக் கவிஞர். ஆயினும் அவர் இளமையிற் பயின்ற தொழில் கல்தச்சு. உளி பிடித்த அந்தக் கைகளே பின்னர் எழுதுகோல் பிடித்தன. லண்டனில் சாண்ட்ரி என்னும் புகழ்பெற்ற சிற்பியின் பணிக்கூடத்தை மேற்பார்க்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. ஆகவே நம் கன்னிங்ஹாம் கல்லும் கவிதையும் ஒருங்கே வாழ்ந்த மனையில் வளர்ந்தவர் எனலாம். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் செய்த பரிந்துரையால் அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இடம் கிடைத்தது. 1831-இல் வங்காளப் பொறியாளர் படையிற் சேர்ந்து, 1833-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம் பத்தொன்பதாம் வயதில், இந்திய மண்ணில் காலடி வைத்தார்.

கல்கத்தாவில் அவருக்கு வாய்த்த பெரும்பேறு ஜேம்ஸ் பிரின்ஸெப்பின் நட்பு. பிரின்ஸெப் அரசாங்க நாணயசாலையில் உலோகமாற்று அறியும் அதிகாரி. ஓய்வு நேரமெல்லாம் பழைய நாணயங்களையும் கல்லெழுத்துகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். இளைஞர் கன்னிங்ஹாமுக்கு அவரே ஆசானும் ஆனார், வழிகாட்டியும் ஆனார். பாலமும் பாதையும் அமைக்க வந்தவருடைய நாட்டம் அன்று முதல் பழமையின்பால் திரும்பிற்று.

1835-ஆம் ஆண்டில் அவர் காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் தம் முதல் அகழ்வை மேற்கொண்டார். பகவான் புத்தர் முதன்முதலில் தம்மச் சக்கரத்தை உருட்டிய அத்திருத்தலம் அந்நாளில் இருந்த நிலையை நினைப்பினும் நெஞ்சு கலங்கும். 1794-ஆம் ஆண்டில் காசி மன்னரின் அதிகாரியான ஜகத் சிங் என்பார், அங்காடி ஒன்று கட்டுவதற்குச் செங்கல் வேண்டி, ஆங்கிருந்த பெரிய ஸ்தூபம் ஒன்றை அடியோடு பெயர்த்தெடுத்தார். உள்ளே கிடைத்த தாதுப் பேழையிலிருந்த எலும்புத் துண்டுகள் கங்கையில் இடப்பட்டன. அவை எவருடையவை, அம்மேடு யாது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எஞ்சி நின்ற மற்றொரு ஸ்தூபத்தை ஊரார் தமேக் என்று அழைத்தனர். அடிப்பகுதியில் தொண்ணூறு அடிக்கு மேற்பட்ட விட்டமுடைய அப்பெருங்கட்டடத்துக்கு இருபத்தொரு வயது இளைஞர் சாரம் கட்டி ஏறி, உச்சியினின்று அடிவரை கிணறுபோல் தோண்டினார். மேலே சில அடிகளிலேயே, காரண காரியத்தை உரைக்கும் பௌத்த வாசகம் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. தாது எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும், அந்த மேடு பௌத்தருடையது என்று கல்லே சான்று பகர்ந்துவிட்டது.

அவ்வகழ்வில் வெளிப்பட்ட சிலைகள் பலவற்றை அவர் கல்கத்தாவின் ஆசியச் சங்கத்துக்கு அனுப்பினார். எல்லாவற்றையும் அனுப்ப இயலவில்லை. பிற்காலத்தில் வருணை ஆற்றின்மேல் பாலம் கட்டியபொழுது, சாரநாத்திலிருந்து 48 சிலைகளும் வேறு பல செதுக்குக் கற்களும் கொண்டுசெல்லப்பட்டு, பாலத்தூண்களை நீரோட்டத்தினின்று காக்கும் பொருட்டு ஆற்றினுள் கொட்டப்பட்டன. வெறுப்பினால் மட்டும் நம் முன்னோரின் திருப்பணிகள் அழிந்தன என்று எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். அறியாமையும் அதே அளவுக்கு அழித்தது.

1837-ஆம் ஆண்டில் பிரின்ஸெப் பிராமி எழுத்தின் மறையைத் திறந்தார். அதற்குத் திறவுகோலாயது சாஞ்சி ஸ்தூபத்தின் கல்வேலியே. அவ்வேலியில் சிறு சிறு வாசகங்கள் பல பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரேவகை எழுத்துகளில் முடிவதைப் பிரின்ஸெப் கண்டார். இத்தகைய இடத்தில் திரும்பத் திரும்ப வரக்கூடிய சொல் தானம் என்பதாகவே இருத்தல் வேண்டும் என்று ஊகித்தார். ஊகம் பலித்தது. அரசர்க்கரசன் அசோகனின் சாசனங்கள் பின்னர் வாய் திறந்தன. ஈகையைக் குறிக்கும் ஒரு சொல்லால் இந்திய வரலாற்றின் பூட்டு திறந்தது என்பதை எண்ணுங்கால் நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. பிரின்ஸெப் 1840-இல் மறைந்தார். அவர் விட்ட பணியைக் கன்னிங்ஹாம் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

ஈண்டு ஓர் உண்மையை மறையாது உரைத்தல் நம் கடமை. பௌத்தத்தின்பால் கொண்ட பற்றினால் கன்னிங்ஹாம் இப்பணியில் இறங்கினார் அல்லர். 1843-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மடலொன்று இதனைக் காட்டும். இந்நாட்டின் பௌத்தச் சின்னங்களை ஆராய்ந்து வெளியிடுவது ஆங்கில அரசுக்கு அரசியலில் பயன்படும் என்றும், பிராமண சமயம் என்றும் மாறாது நிலைபெற்றதன்று என்பதைக் காட்டிக் கிறிஸ்தவ சமயம் பரவத் துணை செய்யும் என்றும் அவர் அதிற் கருத்துரைத்தார். அவருடைய நோக்கம் அவருடைய அரசுக்கும் சமயத்துக்கும் உரியதாயிருந்தது. எனினும், கல்லில் உள்ளதை உள்ளவாறு அளந்து எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது. நோக்கம் அவரோடு போயிற்று. அளந்தெழுதியவை நமக்கு எஞ்சின. விதைத்தவன் எண்ணம் எதுவாயினும், விதை தன் மரத்தையே தரும்.

1851-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மெய்சி என்னும் படை அதிகாரியோடு சாஞ்சிக்கும் அதனைச் சூழ்ந்த சோனாரி, சத்தாரா, போஜ்பூர், அந்தேர் ஆகிய இடங்களுக்கும் சென்றார். சாஞ்சியின் மூன்றாம் ஸ்தூபத்தைத் திறந்தபொழுது இரு கற்பேழைகள் வெளிப்பட்டன. ஒன்றன் மூடியில் சாரிபுத்தர் பெயரும் மற்றொன்றன் மூடியில் மகாமொக்கல்லானர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. பகவானின் இரு தலைமைச் சீடர்கள் கதையில் மட்டும் வாழ்ந்தவர்கள் என்று எண்ணியிருந்த ஐரோப்பிய அறிஞர்கள், அன்று முதல் அவ்வாறு எண்ண இயலாது போயிற்று.

சாஞ்சியின் பெரிய ஸ்தூபம் ஏறத்தாழ 120 அடி விட்டமும் 54 அடி உயரமும் உடையது. அதன் உறுப்புகளை நம் அன்பர்கள் ஒவ்வொன்றாக அறிந்துகொள்வாராக. அடியில் வட்டமாக உயர்ந்து நிற்கும் மேடை மேதி எனப்படும். அதன்மேல் வலம் வருதற்குரிய பாதை பிரதட்சிண பதம். மேடையின்மேல் கவிழ்த்த கிண்ணம்போல் எழும் திரண்ட பகுதி அண்டம். முட்டை வடிவினதாதலின் அப்பெயர் பெற்றது. அண்டத்தின் உச்சியில் வேலியடைத்த சதுரப் பகுதி ஹர்மிகை. நம் இலக்கியங்களில் மாளிகையின் நிலாமுற்றத்தைக் குறிக்கும் அரமியம் என்னும் சொல்லும் இதனோடு உறவுடையதே. ஹர்மிகையின் நடுவில் நிற்கும் கோல் யஷ்டி. கோலின்மேல் விரிந்த குடை சத்திரம். அரசனுக்குக் குடை பிடிப்பது உலக வழக்கு. அறத்தின் அரசனாகிய ததாகதருக்கும் அவர்தம் சீடர்க்கும் கல்லாற் குடை பிடித்தனர் நம் முன்னோர்.

சாஞ்சி ஆய்வை 1854-இல் அவர் நூலாக வெளியிட்டார். அதன் பெயரில் ஸ்தூபம் என்னும் சொல் இல்லை. டோப் என்றே உளது. பாலியில் தூப என்று வழங்கிய சொல் மக்கள் நாவில் தேய்ந்து, ஆங்கிலேயர் செவியில் புகுந்து, டோப் என உருமாறியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1879-இல், பர்ஹுத்தைப் பற்றி அவரே வெளியிட்ட நூலின் பெயரிலோ ஸ்தூபம் என்னும் முழுச்சொல் நிமிர்ந்து நிற்கின்றது. இவ்விரு நூற்பெயர்களுக்கும் இடைப்பட்ட காலமே கன்னிங்ஹாமின் வாழ்க்கையின் சாரம் என்று நாம் கருதுகின்றோம். சிதைந்த சொல்லோடு தொடங்கியவர் உரிய சொல்லை அடைந்தார்.

அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைக் காண்போம். 1861-இல் அவர் மேஜர் ஜெனரலாகப் படையினின்று ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே, பழஞ்சின்னங்களை முறையாக ஆராய வேண்டும் என்று கானிங் பிரபுவிடம் அவர் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்பட்டு, தொல்பொருள் அளவையராக அமர்த்தப்பெற்றார். 1866-இல் அரசு அப்பணியை நிறுத்திற்று. பின்னர் 1871-இல் தொல்பொருள் ஆய்வுத்துறையின் தலைமை இயக்குநராக மீண்டும் பொறுப்பேற்று, 1885 வரை அப்பதவியில் இருந்தார். சீன யாத்திரிகர்களான பாஹியான், யுவான் சுவாங் ஆகியோரின் பயண நூல்கள் அப்பொழுது பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டிருந்தன. அவற்றைக் கையில் ஏந்தி, அவர்கள் குறித்த திசையும் தொலைவும் கொண்டு, கன்னிங்ஹாம் ஊர் ஊராகச் சென்றார். படகாவோன் என்னும் ஊரின் மேடுகள் நாளந்தா எனக் கண்டார். காசியாவே குசிநகரம் என்றும், சாகேத் மாகேத் என்னும் காடடர்ந்த மேடுகளே சிராவஸ்தியும் ஜேதவனமும் என்றும் நிறுவினார். அவ்வூர்களில் வாழ்ந்த மக்கள் தாம் எத்தகைய மண்ணில் ஏரோட்டுகின்றோம் என்பதை அறியாதிருந்தனர்.

1873-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், மத்திய இந்தியாவிலுள்ள பர்ஹுத் என்னும் சிற்றூரில், மண்ணிற் புதைந்து நின்ற கல்வேலியின் பகுதியொன்று அவர் கண்ணிற் பட்டது. ஸ்தூபம் அங்கே இல்லை என்றே சொல்லலாம். ஊரார் அதன் செங்கற்களைத் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்றிருந்தனர். வேலியின் கற்களும் அண்டை ஊர்களில் சிதறிக் கிடந்தன. மறு ஆண்டு அகழ்ந்தெடுத்தபொழுது, ஏறத்தாழ ஒன்பதடி உயரமுள்ள அவ்வேலியின் எஞ்சிய பகுதிகளும், கீழ்வாயிலின் தூண்களும் வெளிப்பட்டன. இவற்றில் காணும் புதுமை யாதெனின், சிற்பங்களின் அருகே இன்னது இன்ன ஜாதகக் கதை, இஃது இன்ன மாளிகை என்று பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தமையே. ஜேதவனத்தை அனாதபிண்டிகர் தானமளித்த காட்சியும் பெயரோடு விளங்கிற்று.

இதனினும் சிறந்தது ஒன்றுண்டு. தானம் செய்தவர்கள் தாம் அளித்த உறுப்பின் பெயரையும் பொறித்திருந்தனர். தூணை அளித்தவர் அதனைத் தபம் என்று எழுதினார். அது நம் வழக்கிலுள்ள தம்பமே. இரு தூண்களுக்கிடையே குறுக்காகச் செருகிய கல்லை அளித்தவர் அதனைச் சூசி என்று எழுதினார். சூசி என்பது ஊசி. துணியில் ஊசி நுழைவதுபோல், தூணில் குடைந்த துளைக்குள் நுழைவதால் அக்கல் அப்பெயர் பெற்றது. சுங்கர் ஆட்சிக் காலத்தில் தனபூதி என்னும் சிற்றரசன் வாயிலை அமைத்து, அதனைத் தோரணம் என்றே பொறித்தான். தூண்களின்மேல் நீளக் கிடத்திய தலைக்கல்லுக்கு உஷ்ணீஷம், அஃதாவது தலைப்பாகை, என்று பெயர். வேலி முழுவதும் வேதிகை. பாலி மொழியின் மகாசுதஸ்ஸன சுத்தத்திலும் வேதிகை, தம்பம், சூசி, உண்ஹீசம் என்னும் இச்சொற்களே வருகின்றன. நூலும் கல்லும் ஒரே சொல்லைச் சொல்லின. ஆராய்ச்சியாளர் எவரும் புதிதாகப் பெயர் படைக்க வேண்டியிருக்கவில்லை. இட்டவர்கள் இட்ட பெயரைப் படிக்கக் கற்றதே அவர் செய்த பணி.

அவ்வாறு இட்டவர்கள் யார் என்பதையும் நம் வாசகர்கள் அறிதல் வேண்டும். சாஞ்சியிலும் பர்ஹுத்திலும் பெயர் பொறித்தோருட் பெரும்பாலோர் அரசர் அல்லர். பிக்குகளும் பிக்குணிகளும் உளர். இல்லறத்தாரும் வணிகரும் உளர். பெண்டிர் பலர் உளர். சாஞ்சியில் நெசவுத் தொழிலாளர் ஒருவரின் தானம் உண்டு. அதன் தென் தோரணத்தில் விதிசை நகரத்துத் தந்தத் தொழிலாளர்கள் தம் கைவேலையைச் செதுக்கித் தந்து பெயரும் பொறித்துள்ளனர். ஒருவர் ஒரு தூண், ஒருவர் ஒரு சூசி என உழைப்பாளிகளின் சிறுபொருள் கூடியே அப்பெரும்பணி முடிந்தது. கைத்தொழில் செய்வோருக்குக் கோயிலின் புறத்தே இடம் வகுத்த காலமும் இந்நாட்டில் வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே அவர்கள் பெயர் பகவானின் வேலியில் ஏறி நின்றது. இதனைக் கண்ட பின்னரும், நமக்கு முன்னோர் இல்லை, நம் தம்மம் நேற்று வந்தது என்று எவரேனும் கூறின், அவர்க்கு அக்கல்வேலியே மறுமொழி.

மேலும், இச்சொற்கள் தமிழுக்கு அயலானவை அல்ல. மங்கல நாளில் வாயிலில் தோரணம் கட்டாத தமிழ் மனை ஏது? சைத்தியம் என்பதனை மணிமேகலை சயித்தம் என வழங்குகின்றது. பிக்குகள் உறையும் விகாரத்தைச் சிலப்பதிகாரம் இந்திர விகாரம் எனப் புகார் நகரில் வைத்துப் பேசுகின்றது. விமானத்தின் உச்சியில் நிற்கும் உறுப்பினை இன்றும் சிற்பிகள் ஸ்தூபி என்கின்றனர். சொற்கள் நம்மிடமே இருந்தன. அவை எதற்கு உரியவை என்பதையே நாம் மறந்திருந்தோம்.

கன்னிங்ஹாம் தம் முதுமையில் ஈடுபட்ட பெரும்பணி புத்தகயையின் மகாபோதி ஆலயம். 1880 முதல் 1884 வரை அவருடைய உதவியாளர் பெக்லார் அதனைப் புதுப்பித்தார். வஜ்ராசனம் எனும் கல்லிருக்கை அப்பொழுது வெளிப்பட்டது. அவ்வாலயத்தைப் பற்றிய மகாபோதி என்னும் நூலை 1892-இல், தம் எழுபத்தெட்டாம் வயதில், அவர் வெளியிட்டார். அவரும் அவருடைய உதவியாளரும் எழுதிய துறை அறிக்கைகள் 23 தொகுதிகள்.

அவர்பால் குற்றங்களும் உள. ஸ்தூபங்களின் நடுவே அவர் தோண்டிய குழிகளால் கட்டுமானம் நலிவுற்றது. சாஞ்சியின் சிதைவுகளைச் செப்பனிட, 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் உழைக்க வேண்டியதாயிற்று. கபிலவஸ்துவை அவர் தவறான இடத்தில் குறித்தார்; லும்பினியில் அசோகன் தூண் 1896-இல் அடையாளம் காணப்பட்ட பின்னரே உண்மை துலங்கிற்று. தாதுப் பேழைகள் கடல் கடந்து செல்லவும் அவர் காரணராயினார். பர்ஹுத் வேலியைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்தது பொருந்துமா என்று அக்காலத்திலேயே வினா எழுந்தது. அங்கே விட்டிருப்பின் கற்கள் வீட்டுச் சுவர்களாயிருக்கும் என்பதும் மெய். ஆயினும், பிறந்த மண்ணில் இன்று அவ்வேலி இல்லை என்னும் வருத்தமும் மெய். இரண்டையும் நாம் நெஞ்சில் வைத்திருத்தல் தகும்.

1885-இல் அவர் பதவி துறந்து தாயகம் திரும்பினார். அவர் சேர்த்த கலைப்பொருள்களுட் பல ஏற்றப்பட்ட இண்டஸ் என்னும் கப்பல் அவ்வாண்டிலேயே இலங்கைக் கரையருகே மூழ்கிற்று. ஆண்டுக்கணக்கில் தேடியவை ஒருநாளில் கடல்வாய்ப்பட்டன. சேர்ந்தவை பிரிவன என்னும் அநித்திய நெறியை அதனைத் தேடி ஆராய்ந்தவரும் நேரிற் கண்டார். 1893-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் லண்டனில் உயிர் நீத்தார்.

சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் தாதுக்கள் 1947-இல் லண்டனினின்று மீட்டுப் பெறப்பட்டன. 1952-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சாஞ்சியின் சேதியகிரி விகாரத்தில் முறைப்படி எழுந்தருளுவிக்கப்பட்டன. பெயர் பொறித்த பேழையாதலின் அன்றோ, உரியவர் எவர் என்று உலகம் அறிந்து, அவை உரிய இடத்துக்கு மீண்டன! பெயரற்றுக் கங்கையில் கலந்த சாரநாத்துத் தாதுவை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பின், பெயரின் மதிப்பு விளங்கும்.

ஆகவே அன்பர்களே! அடுத்த முறை நம் சிறுவரைச் சாஞ்சிக்கோ சாரநாத்துக்கோ அழைத்துச் செல்லுங்கால், பெரிய மேடு என்று சொல்லி நில்லாதீர்கள். இஃது அண்டம், இது ஹர்மிகை, இது வேதிகை, இது சூசி என்று விரல்காட்டிச் சொல்லுங்கள். நம் பகுதிகளில் எழும் விகாரம் ஓலைக் கூரையுடைய சிறு குடிலாயினும், அதன் ஒவ்வோர் உறுப்பையும் உரிய பெயரால் அழையுங்கள். தானம் அளித்த நெசவாளியின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகள் நின்றது. நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரு சொல்லும் அவ்வாறே நிற்கக்கூடும்.